சிவந்த முகத்தின் மீது ஒரு விசாரணை

ஒருவர் மீது புகார் வந்தால், அதை அவருக்குத் தெரிவித்து, விளக்கம் கேட்டு, அதன் பிறகே முடிவெடுக்க வேண்டும். அரசுப் பணியில் இது விதி. பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் துறை விசாரணைகளில் கழித்தவன் நான். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்குக்கூட விளக்கம் கேட்டுத்தான் கடிதம் அனுப்பினோம். சம்பந்தம் பேசுகிறவர்கள் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அவர்கள் டீக்கடையில் விசாரிப்பார்கள்.

மகளுக்கு அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது, அதைவிட முக்கியம், அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று கூடம் நிறைய ஆட்கள், நல்ல வெயில். கொதிக்கும் காபியைக் குடித்தேன். கன்னமும் மூக்கும் தணலாயின. பையனின் தாய்மாமா, மோட்டார் பட்டறை வைத்திருப்பவர், பெண்ணை விட்டுவிட்டு என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுப்போட்டுச் சொல்றமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் மறுப்பதற்கும் இதே மரியாதைதான்.

பதில் வரவில்லை. தகவல் மட்டும் மனைவி வழியாக வந்தது.

"முக்குக் கடையில ஒருத்தரு விசாரிச்சாருங்களாமா. நீங்க குடிப்பீங்களான்னு கேட்டதுக்கு, 'தெரியாதுங்க, சாயங்காலமானா மூஞ்சி செவசெவன்னு வருவாரு'ன்னு கடைக்காரன் சொல்லிப்போட்டான்."

சிங்காநல்லூர்க் குளக்கரையில் மாலை வெயிலில் நடந்துவிட்டுத் திரும்பும் முகம் அது. சாட்சி பொய் சொல்லவில்லை.

இந்த முகத்துக்கு ஏற்கெனவே ஒரு வைத்தியம் நடந்திருந்தது. மருந்துக்கடையில் சிவப்பு போக ஒரு களிம்பு கொடுத்தார்கள். தடவியபோது முகம் தெளிந்தது. நிறுத்தியதும் சிவப்பு இரட்டிப்பாகத் திரும்பியது. இப்போது போய்ப் பார்த்த தோல் மருத்துவர் அந்த டியூபைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். ஸ்டீராய்டாம். எனக்கு இருப்பது ரோசேசியா என்றார். முகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்துகொள்ளும்; நம் மாநிறத்தவர் பலர் இதைச் சூட்டுக்கொப்புளம் என்றே நினைத்து விட்டுவிடுவார்கள். மது சிலருக்கு இதைத் தூண்டும், ஆனால் இது வருவதற்குக் குடித்திருக்க வேண்டியதில்லை. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். வேறு களிம்பும் சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்து, எதற்கெல்லாம் சிவக்கிறது என்று கவனிக்கச் சொன்னார். என் வகையில் வெயில், வெந்நீர்க் குளியல், ஆவி பறக்கும் கொள்ளு ரசம், சூடான காபி.

"குடியால் வந்ததில்லைன்னு ஒரு சான்று கிடைக்குமா டாக்டர்?"

"யாருக்குங்க?"

"சம்பந்திக்கு."

சிரித்தார். சான்று தரவில்லை.

"நானே அவருகிட்டச் சொல்லிப்போடறனுங்கப்பா" என்றாள் மகள். பையனைத்தான் சொன்னாள்.

"வேண்டாம் கண்ணு. கேட்காத குற்றச்சாட்டுக்கு மறுப்புக் கொடுத்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிரும்."

"உங்க ரூல்ஸைப் பார்த்துட்டிருந்தா எனக்குக் கல்யாணமே ஆகாதுங்கப்பா."

கதவைச் சாத்திக்கொண்டாள். திறந்தபோது அழுத முகம் என்னுடையதைவிடச் சிவந்திருந்தது.

ஆடி பிறந்தது. ஒரு நாள் விடிந்தும் விடியாமல் தாய்மாமா வாசலில் நின்றார்.

"ஏனுங்க, இந்தப் பக்கம் வந்தனுங்க, அப்படியே பாத்துட்டுப் போலாம்னு."

அந்நேரத்தில் அன்னூரிலிருந்து சிங்காநல்லூருக்கு யாரும் 'இந்தப் பக்கம்' வருவதில்லை. திடீர் ஆய்வுகள் நானும் நடத்தியிருக்கிறேன். தோளைத் தொட்டுப் பேசுகிற சாக்கில் நெருங்கி மூச்சை இழுத்தார். நான் அசையாமல் நின்றேன். மனைவி காபி கொண்டுவந்தாள். அவர் குடித்தார், என்னுடையது ஏடு கட்டும்வரை டம்ளரிலேயே இருந்தது.

"ஆறுதுங்களே?"

"ஆறட்டுமுங்க. சூடாக் குடிச்சா மூஞ்சி செவந்துக்கும். தோல் வியாதி."

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மணி, இவருக்குச் சூடா ஒண்ணு குடுங்க. நானு எதையும் ஓட்டிப் பாக்காம எடுக்கறதில்லீங்க."

குடித்தேன். பட்டறையில் மோட்டாரை ஓடவிட்டுப் பார்ப்பவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கன்னத்தில் தொடங்கி மூக்குக்கு ஏறியது.

"அட, வெறுங் காப்பிக்கேங்களா!"

"வெறுங் காப்பிக்கேதானுங்க."

உள்ளே மகள் சிரிப்பது கேட்டது. அவரும் சிரித்தார். ஆனால் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆடியில் சம்பந்தம் பேசக்கூடாது என்பது அவர்கள் விதி, அதை மட்டும் யாரும் மீறுவதில்லை.

சம்மதம் என்ற பதில் ஆவணி முதல் தேதி வந்தது.