நீலக் கடுதாசி

இன்று தபாலாபீசில் பசை வாசனை மூக்கில் ஏறியதும், கடலூர் துறைமுகத்தருகே இப்போது இல்லாத எங்கள் வீட்டு முற்றமும், பினாங்கிலிருந்து வாப்பா போட்ட, உப்புக்காற்றில் படபடத்த நீலக் கடுதாசியும் கண்முன் வந்து நின்றன. புருஷன் எழுதுவதை வெளியாள் படிக்கக்கூடாதென்றே அறுபதுகளில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித்தந்தார்கள். பேனாவை மட்டும் தரமாட்டார்கள். பதில் எழுத மாமா வருவார்.

அன்றும் அரிசி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வரி உடாம படி" என்றார், எழுத்துத் தெரியாத உம்மா. சலாம் படித்தேன், நலம் படித்தேன், நின்றுவிட்டேன்.

"ஏன் நின்னுட்டே?"

படித்தேன். "மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசியாச்சு. இனி அவளை வாசல் தாண்ட விடாதே."

மூத்தவள் நான், பதின்மூன்று வயது. உம்மா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

எல்லாருக்கும் சம்மதம் என்று சாயங்காலம் மாமா எழுதிய பதிலையும் உம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.