கேட்டைத் தாண்டிய சூப்பு

வெள்ளைக்காரர் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில் என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. ஒருநாள் திடீரென்று, "காக்கா கடை சூப்பு வேணும்" என்றாள். தானா ராத்தா டவுனில், நாங்கள் காக்கா என்று அழைக்கும் முஸ்லிம் வியாபாரியின் பெரிய மளிகைக் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் ஆட்டெலும்பு சூப்பு கொதிக்கும். தூக்குச்சட்டி நிறைய வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

டவுன் எல்லையில், முள்கம்பி கேட்டில் காவலர் மறித்தார். அப்போதுதான் சட்டம் நினைவுக்கு வந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, சமைத்த சாப்பாடு எதையும் வெளியே விடமாட்டார்கள். கொட்டச் சொல்வார் என்றே நினைத்தேன்.

"பெஞ்சாதி மாசமா இருக்கா, அண்ணே."

அவர் யோசித்தார். "சூப்பு கேட்டத் தாண்டக் கூடாது. உன் பெஞ்சாதி தாண்டலாம்லா? போய்க் கூட்டிட்டு வா."

தேயிலைச் சரிவில் ஓடி, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அவளைக் கூட்டி வந்தேன். அவர் தன் தேநீர் அடுப்பில் சூப்பைச் சூடாகவே வைத்திருந்தார். முக்காலி போட்டும் அவள் உட்காரவில்லை. நின்றபடியே குடித்து, எலும்பையும் உறிஞ்சினாள். வாந்தி வரவில்லை.

அவர் காலிச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

"இப்ப சூப்ப எடுத்துட்டுப் போலாம்லா!"

அதுவரை சீருடையைக் கண்டாலே ஒதுங்குவேன். அதன் பிறகு, நின்று இரண்டு வார்த்தை பேசாமல் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. அன்று வயிற்றிலிருந்த என் மகள் இன்றும் சூப்பை நின்றுகொண்டுதான் குடிக்கிறாள்.