பாப்பா அழாதபோது போன ஆட்டங்கள்

ஆறேழு வருடங்களுக்கு முன்பு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். ஜவ்வாது மலைமேல் காவலூரில், தொலைநோக்கி நிலைய ஊழியர்களின் குடியிருப்பில் இருந்தோம். என் கணவருக்கு அங்கே எலக்ட்ரீஷியன் வேலை. ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டால் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு வேலை குறைந்துவிடும். மனமகிழ் மன்றத்தில் பகலெல்லாம் செஸ் நடக்கும். கல்லூரியில் ஆடிப் பழகியதால் நானும் போவேன். பெண் என்று நான் ஒருத்திதான்.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். மன்றத்துக்கு எதிர்வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு ஆடப் போவேன். அக்கா டிரைவரின் மனைவி, போளூர்க்காரர். பாப்பா அழுதால் மன்றம் வரைக்கும் கேட்கும். போட்டது போட்டபடி எழுந்து போய், பால் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்காருவேன். எதிரே ஆடுகிறவர் காத்திருப்பார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் ஆலங்காயத்திலிருந்து ஒரு குழு இரண்டு மூன்று தடவை பஸ் ஏறி வந்து எங்களோடு மோதும். எங்கள் தரப்பில் ஆளுக்கொரு பலகையாக ஐந்து பேர். முந்தின வருடம் ஐந்தாவது பலகை என்னுடையது. அந்த வருடம் நான் அடிக்கடி தோற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மன்றச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. கொயந்த அழுதா உங்க கவனம் போய்டுது. இந்த தபா வேற ஆள் போட்டுக்கறேன். பாப்பா கொஞ்சம் பெரிசாவட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் சொல்வது நியாயம்தானே என்று தோன்றியது. குழந்தையை வைத்துக்கொண்டு எனக்கு எதற்கு இந்த ஆட்டம் என்றும் தோன்றியது. ஆனால் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கையில் அழுகை வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு நாற்காலிதான். அதைக் காரணம் தெரியாமல் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் தோற்றது குழந்தை அழுததால்தான் என்றால் நானே விலகிவிடலாம். முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் செயலாளரிடம் போய் என் ஆட்டங்களை எழுதிவைத்த தாள்களைக் கேட்டேன். எல்லா ஆட்டத்தையும் நகர்த்த நகர்த்த எழுத வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. "இன்னாத்துக்கும்மா?" என்றார். "எங்க தோத்தேன்னு பார்க்கணும் சார்" என்றேன். கொடுத்தார்.

மதியங்களில் பாப்பா தூளியில் தூங்கும்போது, சமையலறைத் தரையில் பலகையை வைத்து ஒவ்வொரு ஆட்டமாகத் திரும்ப ஆடினேன். தப்பு செய்த இடம் வந்ததும் நிறுத்துவேன். அங்கே எதை நகர்த்தியிருக்கலாம் என்று பார்ப்பதோடு நிற்காமல், ஏன் இப்படி நகர்த்தினேன், அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன்.

ஒரு ஆட்டத்தில் மந்திரியைச் சும்மா தூக்கிக் கொடுத்திருந்தேன். அன்று அக்கா பாப்பாவை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. எதிர்வீட்டிலிருந்து வெகுநேரம் சத்தமே இல்லை. ஏன் சத்தமில்லை, விழுந்துவிட்டாளா, வாயில் எதையாவது போட்டுக்கொண்டாளா என்று மனசு அடித்துக்கொண்டது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போகலாம் என்று அவசரமாக நகர்த்தினேன். இன்னொரு ஆட்டத்தில் ராணியே போயிருந்தது. அது தடுப்பூசி போட்ட மறுநாள். பாப்பா காய்ச்சலோடு அசையாமல் தூங்கிய நாள்.

எனக்குச் சாதகமாக நானே சாக்குக் கட்டுகிறேனோ என்று சந்தேகம் வந்தது. அதனால் ஜெயித்த ஆட்டங்களையும் எடுத்துப் போட்டேன். அவற்றில் பெரும்பாலானவை பாப்பா அழுது, நான் எழுந்து போய்விட்டு வந்தவை. திரும்பி வந்து வாசலிலிருந்து பார்க்கும்போது பலகை வேறு யாருடையதோ போலத் தெரியும். எங்கே ஆபத்து என்பது பளிச்சென்று கண்ணில் படும். ஒரே ஒரு தோல்வி மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. அதில் எதிரே ஆடியவர் என்னைவிட நன்றாக ஆடியிருந்தார், அவ்வளவுதான்.

அழும்போது நான் தப்பு செய்யவில்லை. அழாமல் இருக்கும்போதுதான் செய்திருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். "அப்போ மேட்ச் அன்னிக்கி அப்பப்போ பாப்பாவக் கிள்ளி வுடச் சொல்லி அக்காகிட்ட சொல்லட்டா?" என்றார். சிரித்தாலும், பலகையைத் தூக்கிக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு என்கூட வந்தது அவர்தான்.

நான் சொன்னதும் நம்பிவிடுகிறவர் இல்லை செயலாளர். ஒவ்வொரு ஆட்டத்தையும் தானே நகர்த்திப் பார்த்தார். இடையில் நிறுத்திக் கேள்வி கேட்டார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் தோத்ததெல்லாம் எடுத்துப் பார்த்தா டீ வர்ற நேரமா இருக்கும்போல" என்றார். பிறகு, "சரி, இந்த ஒரு தபா ஆடுங்க. இதுலயும் இப்டியே ஆச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

போட்டி நாளில் அக்கா பாப்பாவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ போய் ஆடு கண்ணு. பாப்பா எங்கிட்ட கீது, எங்க போய்டப் போவுது" என்றார்.

எனக்கு எதிரே ஒரு துணிக்கடைக்காரர். வயதானவர், நிதானமாக ஆடுபவர். முதலில் சமமாகப் போனது. பிறகு எனக்குக் கொஞ்சம் கை ஓங்கியது. அப்போதுதான் கவனித்தேன், எதிர்வீட்டில் சத்தமில்லை. பலகையில் அவருடைய சிப்பாய் ஒன்று காவலில்லாமல் நின்றது. அதை யானையால் வெட்டினால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தோன்ற, கை யானைக்கு மேலே போய்விட்டது. தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும்.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "இதோ வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பாப்பா அழுததால் ஏற்கெனவே இரண்டு முறை எழுந்து போயிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். செயலாளரும் பார்த்தார்.

எதிர்வீட்டில் பாப்பா அக்காவின் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா சத்தம் போடாமல் கையை மட்டும் ஆட்டி என்னை விரட்டினார்.

திரும்பி வந்து, உட்காராமல் நின்றபடியே பலகையைப் பார்த்தேன். அந்தச் சிப்பாயை வெட்டியிருந்தால், அவருடைய குதிரை ஒரே பாய்ச்சலில் என் ராஜாவுக்கு செக் வைத்து யானையையும் பிடித்திருக்கும். அவர் அதற்காகத்தான் சிப்பாயை அங்கே நிறுத்தியிருந்தார். உட்கார்ந்தேன். ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அடுத்த முறை ஆபத்தில்லாமல் அந்தச் சிப்பாயை வெட்டினேன். சாயங்கால பஸ் வருவதற்குச் சற்றுமுன் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, கும்பிட்டபடி கேட்டார்.

"எயுந்து எயுந்து போனீங்களே, வெளிய யார்னா சொல்லிக் குட்த்தாங்களாம்மா?"

"ஆமாங்க, ஒருத்தி. தூங்கிட்டு இருந்தா" என்றேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் ஐந்தாவது பலகையில் நான்தான் ஆடினேன். செயலாளர் அதற்குப் பிறகு வேறு ஆள் போடும் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்கு ஒரு தம்பியும் இருக்கிறான். பள்ளி விட்டு வர நேரமானாலும், பக்கத்து அறையில் இருவரும் சத்தமில்லாமல் இருந்தாலும் எனக்கு உடனே பயம் வரத்தான் செய்கிறது. அந்தப் பயம் என்னைவிட்டுப் போகாது என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் அது பிடித்துத் தள்ளும்போது எந்த முடிவையும் எடுப்பதில்லை, முதலில் எழுந்து போய் என்னவென்று கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் எதையும் கையில் தொடுகிறேன்.