முத்தையா மாமா கேட்ட போட்டோ

முத்தையா மாமா போய்விட்டார்.

எங்க பழைய ஆபீஸில் ஜெனரேட்டர் பார்த்துக்கிட்டவர். தினமும் ஆத்துக்கு அக்கரையில் இருக்கிற டாலாவிலிருந்து படகில் வருவார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்...

அவர் மகள் செல்வி அன்னிக்கே போன் பண்ணிட்டா. நான்தான் இத்தனை நாள் எழுதாம இருந்தேன்.

"அக்கா, நீங்க அப்பாவை ஒரு போட்டோ எடுத்தீங்களாமே. சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதுல ஒரு காப்பி குடுங்கக்கா. மாலை போட வேற படமே இல்ல."

தேடிப் பார்க்கிறேன்மான்னு சொன்னேன். தேட ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பாப்பா பிறக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். சிங்கப்பூர் கம்பெனி ஒண்ணோட கேமுக்குப் பூதம், முதலையெல்லாம் கம்ப்யூட்டரில் செதுக்கிக் கொடுப்போம்.

தோல் சுருக்கத்தைக் கையால் வரைஞ்சா நாள்கணக்கா ஆகும். அதனால நிஜத் தோலைக் கிட்டப் போய் போட்டோ எடுத்து, கலரை எடுத்துட்டு கிரேஸ்கேல் ஆக்கி, உருவத்து மேல முத்திரை மாதிரி அழுத்துவோம். வெள்ளை மேடாகும், கறுப்பு பள்ளமாகும். அவ்வளவுதான்.

ஒரு தடவை கிழட்டுப் பூதம் ஒண்ணு வந்தது. ஆபீஸிலேயே நல்ல சுருக்கம் மாமாவோடதுதான்.

"மாமா, உங்க தோல் கொஞ்சம் வேணும்."

"உரிச்சுக்கோ மா வாணி. ஆனா ஜெனரேட்டரை அப்புறம் யாரு ஓட்டுவா?" இந்த ஊர் வழக்கப்படி என் பேருக்கு முன்னாடி 'மா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

வெயிலில் எடுத்தா நிழல் விழும், நிழலெல்லாம் பள்ளமாயிடும். அதனால மழை மூட்டமா இருந்த ஒரு நாள், வராந்தாவில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டேன். எனக்கு அப்போ ஏழு மாசம். "வயித்துப் பிள்ளைக்காரி, நீ உக்காரு"ன்னு என்னை அதில் உட்கார வச்சுட்டு, அவர் எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துக்கிட்டார்.

நெத்தியில் மூணு பட்டை திருநீறு.

"அதை அழிச்சிடுங்க மாமா. வெள்ளை இல்லையா... பூதத்து நெத்தியில் மூணு வரப்பு எழும்பி நிக்கும்."

சிரிச்சார். ஆனா கை உடனே மேலே போகலை. வெறும் நெத்தியோட வீட்டை விட்டு வந்ததே இல்லைன்னார். அப்புறம் இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சி நுனியால் துடைச்சுக்கிட்டார். நான் கேட்டேன்னு.

கழுத்து, கன்னம், நெத்தி, புறங்கை... நாற்பது படம் இருக்கும்.

முடிஞ்சதும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மறுபடி பட்டை போட்டுக்கிட்டார். விரலாலேயே தலையைச் சீவிக்கிட்டார். "இப்ப ஒண்ணு எடு. இது பூதத்துக்கு இல்ல, எனக்கு. வீட்டுல மாட்டணும். எங்க கல்யாணத்துக்குக்கூட போட்டோ பிடிக்கலம்மா."

ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். பல் தெரியச் சிரிப்பு. நல்லா வந்திருந்தது.

எல்லாப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டேன். ஒரு கட்டளை கொடுத்தா போதும்... ஃபோல்டரில் இருக்கிற ஒவ்வொரு படத்தையும் எடுத்து, கலரை நீக்கி, பெரிய வெளிச்சம் நிழலையும் நீக்கி, மெல்லிய சுருக்கத்தை மட்டும் விட்டு, அதே பெயரில் சேவ் பண்ணிடும். பழையது போயிடும்.

அவர் படத்தைத் தனியா எடுத்து வைக்க மறந்துட்டேன். கேமரா கார்டையும் அடுத்த வேலைக்காக அன்னிக்கே அழிச்சாச்சு.

அவருக்குத் தெரியாது. "என் தோலை இப்ப யாரு போட்டுக்கிட்டிருக்கா?" என்பார். "பூதம்தான் மாமா"ன்னு நான் சொன்னா, "கரண்ட் போனா அதுவும் நிக்குமா?" என்பார். சிரிச்சு முடிச்சதும் மெதுவா... "மா வாணி, போட்டோ?"

"அடுத்த வாரம் மாமா."

உண்மையைச் சொல்லி இன்னொண்ணு எடுத்திருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. வெட்கமா இருந்தது. நாளாக நாளாக இன்னும் வெட்கமா ஆச்சு. அப்புறம் பாப்பா பிறந்தா, நான் வேலையை விட்டுட்டேன்.

கரண்ட் வந்து ஜெனரேட்டரிலிருந்து லைன் மாத்தினா கம்ப்யூட்டரெல்லாம் ஒரு நொடி அணையும். அதனால ஒவ்வொரு தடவையும் மாமா மாடிப்படியில் நின்னு "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க!"ன்னு கத்துவார். ஒவ்வொருத்தரும் "ஆச்சு" சொல்ற வரைக்கும் சுவிட்சில் கை வைக்க மாட்டார். எப்பவும் நான்தான் கடைசி. எனக்காக நிப்பார்.

பாப்பா படமெல்லாம் மூணு இடத்தில் காப்பி வச்சிருக்கேன். ரெண்டு சிடி, ஒரு ஹார்ட் டிஸ்க். அவளுக்கு லேசா இருமல் வந்தாக்கூட எடுத்து எல்லாம் இருக்கான்னு பார்ப்பேன்.

செல்வி மறுபடி போன் பண்ணினா. அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிசாக்கி மாலை போட்டிருக்காங்களாம். அதில் அவருக்கு இருபது வயசு. "அப்பா மாதிரியே இல்லக்கா" என்றாள்.

கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சும்மான்னு சொன்னேன்.

செல்வி, அது பொய். நடந்தது மேலே எழுதியிருக்கிறதுதான்.

வேலையை விடும்போது காப்பி எடுத்து வந்திருந்த அந்த ஃபைலை நேத்து திறந்தேன். கண் சாம்பல், மூக்கு தட்டை, சிரிப்பு இருந்த இடத்தில் கோடுகள் மட்டும். கலர் கொடுத்துப் பார்த்தேன்... முகம் வரலை.

கடைசியா கம்ப்யூட்டரிலேயே ஒரு வெறும் பலகையை உருவாக்கி அதில் அழுத்திப் பார்த்தேன். சுருக்கத்துக்கு நடுவில், நெத்தியில் மூணு வரப்பு எழும்பி நின்னது.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டு டாலாவுக்கு வர்றேன் செல்வி. பாப்பாவைத் தூக்கிக்கிட்டுப் படகில் ஏற இதுவரை எனக்குத் தைரியம் வந்ததில்லை. வர்றேன். திட்டணும்னா திட்டு.

மாமா... இந்தத் தடவை திருநீற்றை அழிக்கலை.

போயிட்டு வாங்க.