தலை தெரியாத வாத்தியார்

மச்சினனுக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். மூட்டை இறக்கும்போது இடுப்பு பிடித்துப் படுக்கையில் விழுந்தபோது வைத்தியத்துக்கு வாங்கியது. அவன் அதைத் தனியாக இருக்கும்போது கேட்கமாட்டான். நாலு பேர் முன்னால்தான் கேட்பான்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் சரக்குக் கிடங்கில் என் தோளுக்கு ஈடுகொடுத்த ஆள் கிடையாது. நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யார் சொல்வார்கள்? அப்பேர்ப்பட்டவனை, பிசியோதெரபி டாக்டரம்மா போனிலேயே வகுப்பு நடத்தி எழுப்பி நடக்கவைத்தார். எங்கள் ஆட்கள் எல்லாருமே முதுகை வளைத்துத்தானே தூக்குகிறார்கள், அவர்களுக்கும் வீடியோ எடுத்துப் போட்டுச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"தாராளமா சொல்லிக் குடுங்க. போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒருதடவை அனுப்பிடுங்க" என்றார்.

புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, போனை மாவு மூட்டைமேல் சாய்த்து வைத்து, இன்னொரு மூட்டையைத் தூக்கிக் காட்டிப் பேசினேன். மூட்டை அமுங்கி, போன் கீழ்நோக்கிச் சரிந்ததைக் கவனிக்கவில்லை. டாக்டரம்மா "சரியா இருக்கு" என்றதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் யூடியூபில் போட்டுவிட்டேன்.

மச்சினன் ஓடிவந்தான். "மாமா, தலையைக் காணோம்! முண்டம் மூட்டை தூக்குது!" என் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிடங்கு ஆட்கள் சிரிக்கவில்லை. "முட்டி மடங்குறதும் முதுகு நேரா நிக்கிறதும் பளிச்சுனு தெரியுதுண்ணே. உங்க மூஞ்சி எதுக்கு?"

அதன்பிறகு தூக்குவது, குனிவது, உட்கார்ந்து எழுவது எல்லாவற்றையும் வேண்டுமென்றே தலையில்லாமல் எடுத்தேன். வீடியோ எங்கெங்கோ பரவியது. ஒரு பெரிய கிடங்கு முதலாளி, தன் ஆட்களுக்கு வாராவாரம் ஆன்லைனில் பயிற்சி கொடுக்கச் சொல்லிச் சம்பளமும் பேசினார்.

பணம் சேர்ந்ததும் மச்சினன் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, பாதத்தை நன்றாக ஊன்றி, முதுகு வளையாமல் எழுந்தான். அட, அது நான் சொல்லிக்கொடுத்தது!

"எங்கடா கத்துக்கிட்டே?"

அசடு வழிந்தான். "நாளெல்லாம் உக்காந்து இடுப்பு போச்சு மாமா. நீங்க போடுறதைத்தான் பாக்குறேன். அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"கையை நீட்டு மாப்ள" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. நீட்டினான். விரித்த அந்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தேன், நாற்பதாயிரமும் தீரும்வரை.