விமானத்தின் வயிறு

மகள் நகப்பூச்சுக் குப்பியைத் திறந்ததும் அந்த வாசனையில் அமரவிளை வீட்டின் பின்னறைக்குள் போய்விட்டேன். அந்த அறை இப்போது இல்லை, அகலப்படுத்திய ரோட்டுக்குள் போய்விட்டது. குவைத்துக்கு வேலைக்குப் போய், சண்டையில் மாட்டித் திரும்பிய சித்தப்பா, வரும் வழியில் பம்பாயில் வாங்கிய பெட்டியைப் பிரித்து அங்கேதான் பிளாஸ்டிக் போர்விமானம் செய்தார். துண்டுகளை பிளேடால் நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, இதே வாசனையடிக்கும் பசையால் ஒட்டி, ஊதி ஊதிக் காயவைப்பார். வீட்டருகே இருந்த எல்லைச் செக்போஸ்டில் லாரி உறுமினால் மட்டும் கை அப்படியே நின்றுவிடும், சத்தம் அடங்கிய பிறகுதான் அசையும்.

பெட்டிப் படத்தில் விமானத்தின் முதுகு பச்சையும் மண்நிறமுமாக இருந்தது. அவரோ விமானத்தைக் கவிழ்த்து, வயிற்றுக்கு மட்டும் சாம்பல் பூசி, தொங்கும் குண்டுகளுக்கு மஞ்சள் வளையம் போட்டு, சக்கரக் கதவின் விளிம்பைக்கூட மெல்லிய பிரஷால் வரைந்தார். முதுகைத் தொடவேயில்லை. பச்சைக் குப்பி திறக்காமலே கிடந்தது.

"சித்தப்பா, மேல பெயிண்ட் அடிக்கலியா?"

"மேல எப்பிடி இருக்குமுண்ணு நான் கண்டதில்ல மக்கா. அடியாக்கும் கண்டது."

பெட்டியில்தான் படம் இருக்கிறதே! எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முடிந்ததும் அதை உத்திரத்தில் நூல்கட்டித் தொங்கவிட்டார். கீழே நின்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தவர், சட்டென்று என்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டார். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். என் வாயைப் பொத்திய அவர் விரல்களில் இந்த வாசனைதான் அடித்தது.