கலிங்கில் நின்ற குளியலறைக் கதவு

அணைக்காவலரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சொட்டு' என்றால்தான் தெரியும். போகிற வழியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தால், அதை இறுக்கி மூடாமல் அவருக்குக் கால் நகராது. விருந்தாளி கை கழுவினால் பக்கத்திலேயே நின்று, செம்பு எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பார். நல்ல மனுஷர். ஆனால் ஆண்டவன் சிலருக்கு ஒரு குணத்தைக் கொடுத்து, அதற்கு நேர் எதிரான வேலையையும் கொடுத்து வேடிக்கை பார்க்கிறான்.

அது சின்ன மண் அணை. மழைத் தண்ணீரைத் தேக்கி, கோடையில் மதகு வழியாக வயல்களுக்கு விடுவதற்காகக் கட்டியது. கரையின் ஒரு கோடியில், இரண்டு கல்தூண்களுக்கு நடுவே தாழ்வான வாய் ஒன்று உண்டு, கலிங்கு என்பார்கள். அணை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன் வழியாகத் தானே ஓடைக்குப் போய்விடும். போகாவிட்டால் கரைமேல் ஏறி மண்ணை அறுத்துவிடும். இதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்பவரே சொட்டுதான். ஆனால் அந்த வருஷம் கலிங்கில் தண்ணீர் வழிவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

அதே வாரம் வீட்டில் குளியலறைக் கதவைக் காணோம். தச்சரிடம் பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். மனைவி வாசலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று குளித்து முடிக்கும்வரை பாடினாள். தச்சர் கதவைச் சரிபண்ணுகிறாரா, மரத்தை நட்டு வளர்க்கிறாரா என்று அவள் கேட்டால், அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அணைக்குக் கிளம்பிவிடுவார்.

பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பாட்டோடு குடை பிடித்துப் போனவள் கலிங்கைப் பார்த்து நின்றுவிட்டாள். தூண்களுக்குக் குறுக்கே அவள் வீட்டு நீலக் கதவு, தாழ்ப்பாளோடு படுத்திருந்தது. தண்ணீர் கரை விளிம்பைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. சொட்டு தாழ்ப்பாளில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அழுத்திய அழுத்தத்தில் கதவு இம்மியும் அசையவில்லை.

"இதுதான் தச்சர் வீடா?"

சொட்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. "கோடைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கட்டுமேன்னு..."

"கடப்பாறையை எடுத்து உடைங்க."

"நல்ல மரம்மா. கொஞ்சம் பொறு, இழுத்துப் பாத்துடறேன்."

"கரைக்குக் கீழ முதல் வீடு என் தம்பி வீடு. புள்ளைங்கள்லாம் உள்ள இருக்குங்க. உங்களுக்குக் கதவு பெரிசா?"

அவர் கடப்பாறையை எடுத்தார். அவள் கயிற்றை அவிழ்த்து அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டு, கடப்பாறையை ஓங்கி ஓங்கி இறக்கினார். கதவு பிளந்தது. தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்து ஓடையில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் கரை தப்பியது.

மறுநாள் மச்சினன் தோளில் பாதிக் கதவோடு வந்தான். "மாமா, உங்க கதவு எங்க வேலி வரைக்கும் வந்துடுச்சு. விருந்துக்கு வந்ததா, குளிக்க வந்ததா தெரியல."

சொட்டு அந்தப் பாதியையே மாட்டினார். கீழே ஒரு முழம் இடைவெளி. அதை அடைக்க அவர் பலகை தேடி எடுத்து வந்தபோது மனைவி தடுத்தாள்.

"இருக்கட்டும். மிச்சத் தண்ணி போக ஒரு வழி வேணும்ல."

பலகையைக் கீழே வைத்துவிட்டு அவர் அணைக்குக் கிளம்பினார். கலிங்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.